எல்லைக்கோடும் அமானிதமும்

ஒரு சமூகம் தான் வாழ்ந்த மண்ணை விட்டு அகன்ற பின்னர், அது அங்கு விட்டுச்சென்ற கட்டடங்களும் அடக்கத்தலங்களும் யாருக்குச் சொந்தம்? விட்டுச்சென்றோரின் வாரிசுகளுக்கா, அம்மண்ணை இப்போது ஆள்வோருக்கா? எல்லைப்புறங்களைப் பற்றி வாசிக்குந்தோறும் என்னுள் எழுகின்ற வினா இதுவே. இதற்கு விடை தேட, இத்தாலிக்கும் ஸ்லோவேனியாவுக்கும் இடையிலுள்ள கொரிட்சியாவை விடப் பொருத்தமான ஓர் இடத்தை நான் அறியேன். நேரில் சென்றவனல்லன், வரைபடத்தையும் நூல்களையும் துணைகொண்டு அதன் தெருக்களில் நடந்து பார்த்தவன்.

ஆல்ப்ஸ் மலைகளிலிருந்து இறங்கி வரும் நதியை இத்தாலியர் இசொன்சோ என்பர். ஸ்லோவேனியர் சோச்சா என்பர். அதன் அருகே, கோட்டை அமைந்த குன்றைச் சுற்றி வளர்ந்தது கொரிட்சியா. ஒஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்த காலத்தில் இத்தாலியம், ஸ்லோவேனியம், ஜேர்மன், ஃபிரியூலியம் ஆகிய நான்கு மொழிகளும் அங்கு புழங்கின. 1915 முதல் 1917 வரை இந்நதிக்கரையில் 12 சமர்கள் நடந்தன. யுத்தத்தின் பின் நகரம் இத்தாலி வசமாயிற்று. பாசிச ஆட்சி ஸ்லோவேனிய மொழியைப் பாடசாலைகளிலிருந்து அகற்றியது. குடும்பப் பெயர்களைக்கூட இத்தாலியமாக்கியது. பிள்ளையின் பெயரை இடாப்பில் மாற்றி எழுதிய கை ஓர் ஆசிரியரின் கையாக இருந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் என்னை உறுத்துகின்றது.

1947 செப்டெம்பரில், பாரிஸ் சமாதான உடன்படிக்கையின்படி புதிய எல்லை அமுலுக்கு வந்தது. பழைய நகரம் இத்தாலியில் நின்றது. கிழக்குப் புறநகர்களும் 1906 இல் திறக்கப்பட்ட புகையிரத நிலையமும் யூகோஸ்லாவியாவுக்குப் போயின. நிலையத்தின் முன்றலையே கோடு பிளந்தது. நகரை இழந்த பக்கத்தார் 1948 இல் நோவா கொரிட்சா என்ற புதிய நகரைக் கட்டத் தொடங்கினர். அருகிலுள்ள மிரென் கிராமத்திலோ கோடு சேமக்காலையினூடாகவே சென்றது. 1975 வரை அங்கே இறந்தோரும் இரு நாட்டவராய்க் கிடந்தனர்.

கொரிட்சியா யூதர்களின் கதை இதனினும் துயரமானது. அவர்களது ஆலயம் இத்தாலியப் பக்கத்தில் நிற்கின்றது. அடக்கத்தலமோ ரோஷ்னா தோலினாவில், இன்றைய ஸ்லோவேனியாவில் இருக்கின்றது. 1910 இல், 23 வயதில் மறைந்த தத்துவவாதி கார்லோ மிக்கெல்ஷ்டெட்டர் அங்கேதான் அடங்கியுள்ளார். ஆனால் கோடு விழுந்தபோது அக்கபுறுகளைத் தரிசிக்க ஆட்கள் அநேகமாய் இல்லை. நகரில் எஞ்சியிருந்த யூதர்களை 1943 நவம்பரில் நாசிகள் பிடித்துச் சென்றுவிட்டனர்.

வாரிசுகளுக்கே சொந்தம் என்பது முதல் விடை. நியாயமானதுதான். ஆனால் வாரிசுகளே அழிக்கப்பட்ட இடத்தில் இவ்விடை கபுறுகளைப் பற்றைக்காட்டிடம் ஒப்படைத்துவிடுகின்றது. ஆள்வோருக்கே சொந்தம் என்பது இரண்டாவது விடை. இக்கோட்டை வரைந்தது நதியுமல்ல, மலையுமல்ல. யுத்தத்தில் வென்றவர்களின் மேசை. அம்மேசையில் பேனை சற்று விலகியிருந்தால் அதே கல்லறை மற்றவனுடையதாகியிருக்கும். இப்படிக் கைக்கு வந்ததை முழு உரிமை என்று எவ்வாறு கொள்வது?

ஆகவே, உரிமை என்ற சொல்லை விட எமது ஊர்களில் புழங்கும் அமானிதம் என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாய்ப் படுகின்றது. அமானிதப் பொருளை வைத்திருப்பவன் அதன் சொந்தக்காரனல்லன். ஆயினும் சொந்தக்காரன் வராதபோதும் அவனது பொறுப்பு நீங்குவதில்லை. பிறரின் கல்லறைக்கு ஓர் ஏழைக் கிராமத்தவன் ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நேர்மையானது. ஆனால் செலவழிப்பது இக்கடமையின் கடைசிப் படிதான். உடைக்காதிருப்பது, பெயரை மாற்றாதிருப்பது, தேடி வருபவனுக்கு வழி காட்டுவது ஆகிய முதற் படிகளுக்குக் காசு தேவையில்லை.

2004 இல் ஸ்லோவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது முன்றலின் வேலி அகற்றப்பட்டது. 2020 இல் கொவிட் பரவியதும் அங்கே மீண்டும் வேலி எழுந்து, சில மாதங்களில் நீங்கியது. 2025 இல் இரு நகரங்களும் இணைந்து ஐரோப்பியக் கலாசாரத் தலைநகராய் விளங்கின. மகிழ்ச்சிக்குரியதே. எனினும் விழாவுக்கு வெள்ளையடிப்பது வேறு, அமானிதம் காப்பது வேறு. விருந்தினர் வராத ஆண்டிலும் புல் வெட்டப்படுகின்றதா என்பதை வைத்தே இதை அளக்க வேண்டும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் தமது பள்ளிவாசல்களையும் மையவாடிகளையும் விட்டுவிட்டே வந்தனர். அவற்றை யார் பார்த்தார்கள் என்று கேட்கும் உரிமை எமக்குண்டு. அதே கேள்வி எம்மை நோக்கியும் வரும். பிறர் விட்டுச்சென்ற கோயிலோ சேமக்காலையோ எமது பக்கத்தில் கிடந்தால், அதை நாம் எப்படிப் பார்க்கின்றோம்? இந்த இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லாதவரை எமது முதலாவது கேள்விக்குப் பலமிராது.