செவி வழியே இறங்கும் வேதம்

திருக்குர்ஆனின் 31ஆவது அத்தியாயம் லுக்மான் என்னும் ஞானியின் பெயரைத் தாங்கியது. அதன் 13ஆம் வசனம் முதல் 19ஆம் வசனம் வரையிலான பகுதியில் அவர் தம் மகனுக்குச் சொன்ன உபதேசம், பெற்றோரைப் பேணுமாறு கூறும் இறைக்கட்டளை இடையே அமைய, எடுத்துரைக்கப்படுகிறது. ஏகத்துவம், தொழுகை, பொறுமை, நடையில் அடக்கம், குரலில் தணிவு என்று ஒரு வாழ்நாளுக்கு வேண்டியவை அனைத்தும் அச்சிறு பகுதிக்குள் அடங்கியிருந்தாலும், பிள்ளை வளர்ப்போர் நின்று கவனிக்க வேண்டியது அத்தந்தை பேசிய முறையே ஆகும். மூன்று இடங்களில் அவர் மகனை வாஞ்சையோடு விளிக்கிறார். தொழுமாறு ஏவுவதற்கு முன்னர், கடுகளவேயான ஒரு செயல் பாறைக்குள்ளோ வானங்களிலோ பூமியிலோ மறைந்து கிடந்தாலும் இறைவன் அதனை வெளிக்கொணர்ந்துவிடுவான் என்று, சிறு பிள்ளையின் மனமும் பற்றிக்கொள்ளத்தக்க ஒரு காட்சியை அவன் முன் வைக்கிறார். அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு கடுகை எடுத்துப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து அவ்வசனத்தின் பொருளைச் சொல்லும் தாய், லுக்மானின் வழியிலேயே நடக்கிறாள். அன்பு முந்தியும் பாடம் பிந்தியும் வருவதே வேதம் தானே காட்டித் தரும் வரிசை என்பதை இவ்விடத்தில் உறுதியாகச் சொல்லலாம்.

இவ்வரிசை நபித்தோழர்களின் அனுபவத்திலும் காணக்கிடைக்கிறது. பருவமடையும் வயதை நெருங்கிய இளைஞர்களாகத் தாங்கள் நபி (ஸல்) அவர்களுடன் இருந்த காலத்தில், குர்ஆனைக் கற்பதற்கு முன் ஈமானைக் கற்றதாகவும், பின்னர் குர்ஆனைக் கற்றபோது அதனால் தம் ஈமான் பெருகியதாகவும் ஜுன்துப் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அறிவித்துள்ளார். ஈமான் என்பது இறைவன் மீதும் அவன் தூதர் மீதும் உள்ளத்தில் வேரூன்றும் நம்பிக்கை. முதலில் சொர்க்கத்தையும் நரகத்தையும் பற்றிய அத்தியாயங்கள் இறங்கின என்றும், மக்களின் உள்ளங்கள் பணிந்த பிறகே ஆகுமானவை, ஆகாதவை பற்றிய சட்டங்கள் இறங்கின என்றும், தொடக்கத்திலேயே மதுவை விடுமாறு கட்டளை வந்திருந்தால் மக்கள் மறுத்திருப்பார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) கூறியதை இமாம் புகாரீ பதிவு செய்கிறார். வளர்ந்த சமுதாயம் ஒன்றையே இறைவன் இவ்வாறு படிப்படியாகப் பக்குவப்படுத்தியிருக்க, ஐந்து வயதுப் பிள்ளையிடம் பெற்றோர் அவசரம் காட்டுவது எவ்வாறு பொருந்தும்?

ஆகவே வேதக் கல்வி எழுத்தில் தொடங்குவதற்கு முன் செவியில் தொடங்குகிறது. நாள்தோறும் ஐவேளைக் கடமையான தொழுகைகளில் 17 ரக்அத்துகள் உள்ளன; ரக்அத் என்பது நிலை, குனிதல், சிரம்பணிதல் ஆகியவை அடங்கிய ஒரு சுற்று. அவை ஒவ்வொன்றிலும் ஏழு வசனங்கள் கொண்ட ஃபாத்திஹா அத்தியாயம் இடம்பெறுகிறது. பஜ்ர், மஃரிப், இஷா ஆகிய மூன்று வேளைகளில் அது உரத்து ஓதப்படுகிறது. தொழுகை நடக்கும் வீட்டில் வளரும் பிள்ளை, பேச்சு வரும் முன்னரே அந்த ஓசைக்குப் பழகிவிடுகிறது. நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தவாறே தொழுவித்தார்கள் என்பதும், சிரம்பணியும்போது குழந்தையைக் கீழே இறக்கி, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள் என்பதும் ஆதாரப்பூர்வமான செய்திகள். அக்குழந்தை குர்ஆனைக் கேட்டது பாட்டனாரின் அணைப்பிலிருந்து என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தொழுகை விரிப்பின் மீது தவழ்ந்து வரும் பிள்ளையை அதட்டி விரட்டும் வழக்கத்திற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை.

செவியால் கற்கும் பிள்ளைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு அம்ர் இப்னு ஸலிமா (ரலி) ஆவார். பயணிகள் கடந்து செல்லும் ஒரு நீர்நிலையருகே அவருடைய கூட்டத்தார் வாழ்ந்தனர். அவ்வழியே சென்ற ஒட்டகப் பயணிகள் நபியவர்களைப் பற்றிச் சொன்னவற்றையும், அவர்கள் ஓதிக் காட்டிய வசனங்களையும் அச்சிறுவர் கேட்டுக் கேட்டே மனத்தில் பதித்துக்கொண்டார். மக்கா வெற்றிக்குப் பின் அக்கூட்டத்தார் இஸ்லாத்தை ஏற்று, தம்மில் குர்ஆனை அதிகம் அறிந்தவர் யாரெனத் தேடியபோது, ஆறு அல்லது ஏழு வயதே நிரம்பிய அவரைவிடக் கூடுதலாக அறிந்தவர் எவரும் இல்லாததால் அவரையே தொழுகைக்கு முன்னிறுத்தினர். அவர் உடுத்தியிருந்த ஆடை சிரம்பணியும்போது மேலேறிவிட, ஒரு பெண்மணி அதனைச் சுட்டிக்காட்ட, துணி வாங்கி அவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தனர். அந்தச் சட்டையைப் போல வேறெதுவும் தமக்கு மகிழ்ச்சி தரவில்லை என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். சிறுவர் பெரியோருக்குத் தொழுவிக்கலாமா என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு; அது சட்ட நூல்களில் விரிவாகப் பேசப்படும் செய்தி. இங்கே நோக்கத்தக்கது வேறு: வேதத்தை அறிந்த பிள்ளைக்கு அவ்வூரார் அளித்த மதிப்பும், அம்மதிப்பு ஒரு புதுச் சட்டையின் வடிவில் பிள்ளையின் உள்ளத்தில் வாழ்நாள் முழுதும் நிலைத்ததும்.

எழுத்துப் பாடம் இதன் பிறகே வருகிறது. தமிழகத்திலும் இலங்கையிலும் மக்தப் எனப்படும் ஓதுபள்ளிகளில், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னரோ மஃரிப் தொழுகைக்குப் பின்னரோ, அலிஃப், பே எனத் தொடங்கி, பின் அம்ம ஜுஸ்உ எனப்படும் முப்பதாவது பாகத்திற்குப் பிள்ளைகள் வருகின்றனர். தமிழ் நாவுக்கு இப்பாதை எளிதன்று. தமிழில் வெவ்வேறாக ஒலிக்கப்படாத ஸீனையும் ஸாதையும் ஸாவையும் பிரித்து ஒலிப்பதற்கும், தொண்டையின் அடி, நடு, மேல் ஆகிய மூன்று நிலைகளிலிருந்து பிறக்கும் ஆறு எழுத்துகளை வேறுபடுத்துவதற்கும், நாவின் விளிம்பை மேற்கடைவாய்ப் பற்களோடு சேர்த்து ளாதை மொழிவதற்கும் நீண்ட பயிற்சி வேண்டும். எழுத்துகளின் பிறப்பிடங்களையும் ஓதும் விதிகளையும் கற்பிக்கும் இக்கலை தஜ்வீத் எனப்படும். குர்ஆனில் தேர்ந்தவர் கண்ணியமிக்க வானவர்களோடு இருப்பார் என்றும், சிரமத்தோடு திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரட்டை நற்கூலி உண்டு என்றும் நபி (ஸல்) அவர்கள் அருளியதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார். நாக்குப் புரளாமல் தவிக்கும் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லப்பட வேண்டிய நற்செய்தி இது. பல பிள்ளைகள் இதனைக் கேள்விப்படாமலேயே ஓதி முடித்துவிடுகின்றனர் என்பது வருந்தத்தக்கது.

அதற்கு மாறாகப் பிரம்பு அவர்களை எதிர்கொண்ட காலமும் இருந்தது. சில இடங்களில் இன்றும் இருக்கிறது. இதனைத் தற்காலத்தவரின் மென்மையான மனம் எழுப்பும் ஆட்சேபம் என்று ஒதுக்கிவிட இயலாது. வரலாற்றுத் தத்துவத்தின் முன்னோடியான இப்னு கல்தூன் (1332–1406), தம் முகத்திமா என்னும் பெருநூலில், மாணவரிடம், குறிப்பாகச் சிறுவரிடம், கடுமை காட்டுவதன் தீங்கை விளக்குவதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். அடக்குமுறையில் வளரும் பிள்ளையின் உள்ளம் சுருங்கி, ஊக்கம் குன்றி, அடிக்கு அஞ்சிப் பொய்யும் பாசாங்கும் பழகிக்கொள்கிறது என்பதும், காலப்போக்கில் அப்பாசாங்கே அதன் இயல்பாகிவிடுகிறது என்பதும் அவருடைய கணிப்பு. வேதம் கற்பிக்கும் இடத்திலேயே பிள்ளை பொய் கற்றுக்கொள்ளுமானால், அங்கே இழக்கப்படுவது எது என்பதை ஒவ்வொரு உஸ்தாதும் ஒவ்வொரு பெற்றோரும் அஞ்சி எண்ணிப் பார்க்க வேண்டும்.

பொருளறியும் பாதையைத் தமிழ் முஸ்லிம்களின் முன்னோர் தம் வழியில் அமைத்திருந்தனர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கென அரபு எழுத்துகளில் புள்ளிகளைச் சேர்த்துப் புதிய வடிவங்கள் அமைத்து, தமிழை அரபு வரிவடிவில் எழுதும் அரபுத்தமிழை அவர்கள் வளர்த்தனர். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற அறிஞர்கள் அதில் மார்க்க நூல்களை இயற்றினர். குர்ஆன் ஓதுவதற்காக எழுத்துக் கற்ற ஒரு சிறுமியால், அதே எழுத்தறிவைக் கொண்டு தொழுகையின் சட்டங்களையும் நபிமார் வரலாற்றையும் தன் தாய்மொழியிலேயே படிக்க முடிந்தது. ஓதலும் விளக்கமும் ஒரே வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தன. அரபுத்தமிழ் வழக்கொழிந்த பின் அவ்வாசல் அடைபட்டது. அப்துல் ஹமீது பாகவி போன்றோரின் தமிழ் மொழிபெயர்ப்புகள் அக்குறையை ஈடுசெய்ய வந்தனவாயினும், ஓதும் நேரத்தில் ரிஹால் பலகையில் குர்ஆனும், எட்டாத அலமாரியில் மொழிபெயர்ப்பும் இருக்கும் வீடுகளே மிகுதி.

அம்ம ஜுஸ்உவின் 37 அத்தியாயங்களும் இவ்விரண்டையும் மீண்டும் இணைப்பதற்கு ஏற்றவை. சான்றாக, ஏழு வசனங்களேயான அல்மாஊன் அத்தியாயம் அநாதையை விரட்டுபவனையும், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனையும், தொழுகையில் அலட்சியம் காட்டுவோரையும், அன்றாடப் புழக்கப் பொருளைக்கூடக் கொடுக்க மறுப்போரையும் கண்டிக்கிறது. அப்பொருள்களுக்குச் சட்டி, கோடரி, வாளி ஆகியவற்றை இப்னு மஸ்ஊத் (ரலி) எடுத்துக்காட்டாகக் கூறியுள்ளார். பக்கத்து வீட்டார் பிரியாணிச் சட்டி கேட்டு வரும்போது அதனைக் கொடுத்துவரப் பிள்ளையையே அனுப்பினால், அன்று அவ்வத்தியாயம் பாடமாகிவிட்டது. பத்து வசனங்களைக் கற்றால், அவற்றிலுள்ள அறிவையும் செயலையும் கற்காமல் தம் ஆசிரியர்களான நபித்தோழர்கள் மேலே சென்றதில்லை என்று கூஃபாவின் அபூ அப்திர் ரஹ்மான் அஸ்ஸுலமீ கூறினார். குர்ஆனைக் கற்றுப் பிறருக்கும் கற்பிப்பவரே சிறந்தவர் என்ற நபிமொழியை உஸ்மான் (ரலி) அவர்களிடமிருந்து அறிவித்த இவர், அந்நபிமொழியே தம்மை அவ்விடத்தில் அமர்த்தியது என்று கூறி, உஸ்மானின் ஆட்சிக்காலம் முதல் ஆளுநர் ஹஜ்ஜாஜின் காலம் வரை குர்ஆன் ஓதிக் கொடுத்தார்.

முழுக் குர்ஆனையும் மனனம் செய்யும் ஹிஃப்ழுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். கட்டி வைக்கப்பட்ட ஒட்டகம் கட்டறுத்து ஓடுவதைவிட விரைவாக மனனம் நழுவிவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதால், பட்டமளிப்பு விழாவுக்குப் பின்னரும் நாள்தோறும் மீட்டி ஓதுவதைக் கேட்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அரபு எழுத்தே அறியாத தந்தையாலும் அது இயலும். அவர் பிள்ளையின் அருகில் அமர்ந்து, பிள்ளையின் பழைய பாடப் புத்தகத்திலிருந்தே அலிஃப் முதல் தொடங்கி, தம் தவறுகளைப் பிள்ளையே திருத்துமாறு கேட்கலாம். திக்கி ஓதுபவருக்குரிய இரட்டைக் கூலி அவருக்கும் உண்டு.