ஓர் ஊர் யாருடையது?

நமது மக்கள் இருவர் உலகத்தின் எந்த மூலையில் சந்தித்துக்கொண்டாலும் பெயருக்கு அடுத்ததாகக் கேட்பது "ஊரில எந்த இடம்?" என்பதைத்தான். பத்து, பதினைந்து வருடங்களாக அந்த மண்ணில் கால் வைக்காதவர்களும் தயங்காமல் பதில் சொல்கிறோம். அப்படிச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? விட்டு வந்த ஊர் இன்னமும் நம்முடையதா? வந்து சேர்ந்த இடம் எப்போதாவது நம்முடையதாகுமா? இதை நமது கதையை வைத்தே பேசத் தொடங்கினால் கண்ணீரும் கோபமும் முந்திக்கொண்டுவிடுகின்றன. ஆகவே நம்முடன் எந்தச் சொந்தமுமில்லாத, அமெரிக்க நாட்டுப்புறத்துச் சின்னஞ்சிறு ஊரொன்றை முன்னால் வைத்து யோசித்துப் பார்ப்போம்.

அந்த ஊரின் பெயர் நிக்கோடிமஸ். கன்சாஸ் மாநிலத்தின் வடமேற்கில், கிரஹாம் கவுண்டியில், சொலமன் ஆற்றின் தெற்குக் கிளையை அண்டியிருக்கிறது. மலையில்லை, காடில்லை. ஆற்றங்கரையை விட்டால் மரமே அரிதான புல்வெளி. காற்றும் வெயிலும் பனியும் தடையின்றி வந்து போகும் சமதரை.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமைமுறை ஒழிந்தது. ஆனால் விடுதலையான கறுப்பின மக்களுக்குத் தெற்கில் நிலமும் இருக்கவில்லை, உயிருக்கு உத்தரவாதமும் இருக்கவில்லை. 1877இல், தெற்கில் அவர்களுக்கு ஓரளவு காவலாய் நின்ற மத்திய அரசின் படைகளும் பின்வாங்கின. அதே வருடம் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நில வியாபாரியும் டபிள்யூ. எச். சிமித் என்ற கறுப்பின மதகுருவும் வேறு சிலருமாகச் சேர்ந்து ஒரு கம்பனி தொடங்கினார்கள். கென்ரக்கியில் துண்டுப்பிரசுரங்கள் பரவின. வளமான நிலம் காத்திருக்கிறது, கறுப்பின மக்களே ஆளும் ஊர் எழும்பப்போகிறது, வாருங்கள் என்றன அவை. கட்டணம் 5 டொலர்.

இந்த இடத்தில் நமக்குச் சிரிப்பு வராமலிருக்காது. ஏஜென்சிக்காரர்களின் வாக்கை நம்பிக் காணியை ஈடுவைத்துப் புறப்பட்ட சனங்கள் நாம். கடலும் விமானமும் வந்த பிறகும் அந்தத் தொழில் மாறவில்லை.

1877 செப்ரெம்பரில் சுமார் 300 பேர் வந்து சேர்ந்தார்கள். கிட்டிய ரயில் நிலையம் எல்லிஸ். அங்கிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட மைல்கள் புல்வெளியைக் கடந்து வரவேண்டும். அடுத்த வசந்தத்தில் வந்த இன்னொரு கூட்டத்தின் பிள்ளைகள் சிலரைச் சின்னமுத்து நோய் எல்லிஸிலேயே கொண்டுபோய்விட்டது. அந்தக் கூட்டத்தில் வந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண் பிற்காலத்தில் தன் நினைவைச் சொல்லியிருக்கிறார். ஊர் வந்துவிட்டது என்று ஆட்கள் கூவினார்கள். அவருக்கு எதுவும் தெரியவில்லை. எங்கே என்று கேட்டபோது கணவர் சுட்டிக்காட்டியது நிலத்திலிருந்து எழும்பிய புகையை. சனங்கள் மண்ணைக் குடைந்து வளைகளுக்குள் குடியிருந்தார்கள். அதைக் கண்டதும் அவர் அழத் தொடங்கினார்.

வந்தவர்களில் பலர் உடனேயே திரும்பிவிட்டார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. திரும்பிப் போகக் காசில்லாமல் தங்கியவர்களும், பிடிவாதத்தில் தங்கியவர்களும் ஒருவருக்கொருவர் பக்கத்தில் மண்ணைக் கொத்தினார்கள். சக்கரி பிளெச்சர் என்பவர் முதல் தபாலதிபரானார். அவர் மனைவி ஜெனி பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். தேவாலயங்களும் கடைகளும் ஒரு ஹொட்டேலும் எழுந்தன. இரண்டு பத்திரிகைகள்கூட வெளிவந்தன. அங்கு குடியேறிய எட்வேர்ட் மக்கேப் 1882இல் கன்சாஸ் மாநிலத்தின் கணக்காய்வாளராகத் தேர்தலில் வென்றார். பொய்யான விளம்பரம் ஒன்றில் தொடங்கிய ஊரைச் சனங்கள் தங்கள் கைகளால் உண்மையாக்கினார்கள். அப்படியானால் அந்த ஊர் உழைத்தவர்களுடையது என்று முடித்துவிடலாம் போலிருக்கிறது. ஆனால் முடியாது.

முதல் குளிர்காலத்தில் உணவில்லாமல் கிடந்த அவர்களுக்கு, வேட்டை முடிந்து அவ்வழியே திரும்பிய ஓசேஜ் பூர்வகுடிகள் இறைச்சியைப் பகிர்ந்து கொடுத்தார்கள் என்பது அந்த ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. ஓசேஜ் மக்கள் கன்சாஸிலிருந்து தெற்கே அகற்றப்பட்டுச் சில வருடங்களே ஆகியிருந்தன. கன்சாஸ் என்ற பெயரையே அந்த மாநிலத்துக்குக் கொடுத்த கன்சா மக்கள் 1873இல் அகற்றப்பட்டார்கள். 1878 செப்ரெம்பரில், நிக்கோடிமஸ் மக்கள் இரண்டாவது குளிர்காலத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில், 300க்கும் மேற்பட்ட வட செயன் மக்கள் தங்களை அடைத்து வைத்திருந்த தெற்கு நிலத்திலிருந்து புறப்பட்டு, பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களுமாய், கன்சாஸின் மேற்குப் பகுதியூடாக வடக்கு நோக்கி நடந்தார்கள். இராணுவம் துரத்தியது. வழியில் செயன் மக்களும் செத்தார்கள். வடமேற்குக் கன்சாஸின் குடியேறிகள் பலர் அவர்கள் கையால் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கேட்டது தங்கள் ஊருக்குத் திரும்பிப் போகும் உரிமையை மட்டுமே.

ஒரே வானத்தின் கீழே, ஒருவருக்குப் புகலிடமாய் வாய்த்த புல்வெளி மற்றவரைத் துரத்திப் பெற்றது. அடிமை விலங்கு உடைத்து வந்தவன் தன் பிள்ளைகளுக்கு ஒரு துண்டு நிலம் கேட்டது பிழையா? இல்லை. அந்த நிலத்தை அரசு எங்கிருந்து எடுத்துக் கொடுத்தது என்ற கேள்வி அதனால் இல்லாமற் போகுமா? அதுவும் இல்லை. நாம் பட்ட துன்பம் புகலிடம் கேட்கும் உரிமையை நமக்குத் தருகிறது. மற்றவருக்கு நடந்த அநியாயத்தின் கணக்கைத் தீர்க்கும் பணம் அதுவல்ல.

1887இல் ஊரார் ரயில் பாதையைத் தங்கள் பக்கம் வரவழைக்க 16,000 டொலர் கடன்பத்திரத்துக்கு வாக்களித்தார்கள். ரயில் வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் கம்பனியின் பாதை ஆற்றின் தெற்கே, சில மைல்கள் தள்ளிப் போனது. அங்கே போக் என்ற ஊர் முளைத்தது. வியாபாரிகள் அங்கே பெயர்ந்தார்கள். 1930களின் வரட்சியும் புழுதிப் புயலும் மிச்சமிருந்த இளைஞர்களையும் நகரங்களுக்கு அனுப்பின. 1953இல் தபாற்கந்தோர் மூடப்பட்டது. 1996இல் அரசு அதைத் தேசிய வரலாற்று இடமாக அறிவித்தது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு இருந்தவர்கள் 14 பேர்.

ஆனால் ஒவ்வொரு ஜூலை மாதக் கடைசி வாரத்திலும் அமெரிக்காவின் பல பக்கங்களிலிருந்தும் அந்த ஊரின் பேரப்பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள். சமையல், ஊர்வலம், பிரார்த்தனை, பழைய கதை. இந்தக் கொண்டாட்டத்துக்கு அடியில் இருப்பது ஓகஸ்ட் முதலாம் திகதி: 1834இல் கரீபியன் தீவுகளில் பிரித்தானியர் அடிமைமுறையை ஒழித்த நாள். தங்கள் ஊரின் திருநாளாக, கடலுக்கு அப்பால் இன்னொரு மக்கள் விடுதலையான நாளைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள்.

இதைப்பற்றி நாங்கள் வேலை செய்யும் றெஸ்ரோறன்ற் கிச்சினில், கோப்பைகள் கழுவி முடிந்த பின்னிரவில் ஒரு வாக்குவாதம் நடந்தது. 14 பேர் இருக்கும் இடத்தை ஊர் என்று ஏன் சொல்லவேண்டும், அது வருடத்துக்கொரு திருவிழா நடக்கும் வெறும் வளவு என்றார் ஒருவர். அப்படியானால் காசனுப்பிக் கோபுரம் கட்டி, வீடுகளைப் பூட்டி வைத்திருக்கும் நமது ஊர்களை என்னவென்று சொல்வது என்று மற்றவர் கேட்டார். பூட்டிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு கிழவி இருக்கிறாள், ஊர் அவளுடையது என்றார் மூன்றாமவர். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

மூன்றாமவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை இருக்கிறது. வருடத்தில் ஒரு வாரம் வருபவர்களின் நினைவுக்காக, மற்ற ஐம்பத்தொரு வாரமும் அங்கு இருப்பவர்களை நூதனசாலைப் பொருளாக்கிவிடக் கூடாது. பனி கொட்டும் மாதத்தில் வீதியைச் சுத்தம் செய்கிறவருக்குத்தான் அந்த வீதியைப் பற்றிய முதற் சொல். வெளியில் இருப்பவர்களுக்குக் குரல் உண்டு, தீர்ப்பு அவர்களுடையதல்ல. மிச்சக் கால்வாசி என்னவென்றால், திரும்பி வருபவர்கள் இல்லையென்றால் அந்த 14 பேரும் தனித்துப் போயிருப்பார்கள் என்பதுதான்.

நமக்கு இடறுவது "யாருடையது" என்ற சொல்லிலேயே ஒளிந்திருக்கும் ஓர் ஆசை. ஊர் ஒருவருக்கு முழுதாகச் சேர்ந்தால்தான் அது உரிமை என்று நினைக்கிறோம். நிக்கோடிமஸ் தங்கி உழைத்தவர்களுடையது, இன்று அங்கு இருப்பவர்களுடையது, திரும்பி வருபவர்களுடையது. அந்தப் புல்வெளி அகற்றப்பட்டவர்களுடையதுமாகும். ஒருவரின் உரிமையைச் சொல்ல மற்றவரின் பெயரை அழிக்கவேண்டிய அவசியமில்லை. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது அழிக்கப்பட்டது இந்த எளிய உண்மைதான். "ஊரில எந்த இடம்?" என்ற கேள்விக்கு யாழ்ப்பாணம் சோனகதெரு என்று பதில் சொல்லும் ஒருவர் புத்தளத்தில் இருக்கிறார். அவருடைய பதிலும் நம்முடையதைப் போலவே உண்மையானது.

நாம் இன்று வாடகை கட்டி வாழும் ரொறொன்ரோவும் மிசிசாகா மக்களின் நிலம். அந்தப் பழைய கொள்வனவில் நேர்ந்த அநீதிக்காக 2010இல் கனேடிய அரசு 145 மில்லியன் டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. நாம் அந்தக் கொள்வனவில் கையெழுத்துப் போட்டவர்களல்ல. ஆனால் அதன் மேலேதான் அடுப்பு மூட்டியிருக்கிறோம். நமது பிள்ளைகள் இந்த நகரத்தைத் தங்கள் ஊர் என்று சொல்வார்கள், சொல்லட்டும். சொல்லும்போது, தங்களுக்கு முன்னால் இங்கே யார் அடுப்பில் புகை எழும்பியது என்பதையும் அறிந்து சொன்னால் போதும்.