குயவன் கோலும் அதன் நிறமும்

இரத்தத்தில் வைட்டமின் டி குறைந்தவர்களிடம் மாரடைப்பும் சர்க்கரை நோயும் கூடுதலாகக் காணப்படுகின்றன. அமெரிக்காவின் ஃபிராமிங்காமில் தலைமுறைகளைத் தாண்டி நடந்துவரும் இதய ஆய்வு, 1,739 பேரைச் சுமார் 5 ஆண்டுகள் கவனித்து 2008-இல் முடிவை வெளியிட்டது. மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்கும் குறைவாக இருந்தவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நோய் ஆபத்து ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம். குறைவு முந்தியது, நோய் பிந்தியது. முந்தியதாலேயே அது காரணம் ஆகிவிடுமா?

காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தது என்ற பழமொழி, ஒருமுறை நேர்ந்த தற்செயலுக்குப் போதும். காகம் உட்காரும்போதெல்லாம் பழம் விழுந்தால் என்ன சொல்வது? இந்தியத் தருக்கவியலின் நியாய மரபினர் இந்த இடத்தில்தான் நுட்பமாகச் சிந்தித்தார்கள். அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகம் என்ற வடமொழி நூலைச் சிவஞான முனிவர் 18-ஆம் நூற்றாண்டில் தமிழாக்கியதால், இந்தச் சிந்தனை தமிழ்க் கல்விக்கும் வந்து சேர்ந்தது. காரியத்துக்கு முன் தவறாமல் இருக்க வேண்டும் என்பது காரணத்தின் ஓர் இலக்கணம். அது மட்டும் போதாது. அது இல்லாமலே காரியம் நடந்துவிடும் என்றால் அது ‘அன்னியதாசித்தம்’, வெறும் உடனிருப்பு.

அவர்கள் காட்டும் உதாரணம் இது: குயவன் கோலைச் சக்கரத்தில் கொடுத்துச் சுழற்றுகிறான். மண் பானையாக எழுகிறது. மண் சுமந்து வந்த கழுதையும் பானைக்கு முன் அங்கே நின்றதுதான். ஆனால் மண் வண்டியில் வந்திருந்தாலும் பானை உருவாகியிருக்கும். கழுதையைத் தள்ளிவிடுவது எளிது. கோலின் நிறம் அப்படியல்ல. கோல் போகுமிடமெல்லாம் நிறமும் போகிறது, ஒருநாளும் பிரிவதில்லை. சுழற்றுவது கோல், நிறம் அதோடு ஒட்டியிருக்கிறது.

வைட்டமின் டி விஷயத்தில் சிக்கல் இந்த வகையைச் சேர்ந்தது. அது கொழுப்பில் கரைவது. உடல் பருத்தவர்களின் இரத்தத்தில் அதன் அளவு தாழ்ந்திருக்கும். வெயிலில் நடமாடாதவர், முதியவர், ஏற்கெனவே நோயுற்று வீட்டோடு கிடப்பவர் ஆகியோருக்கும் அப்படியே. பருமனும் அசையாத வாழ்க்கையும் இதயத்தையும் கணையத்தையும் கெடுக்க, இரத்தப் பரிசோதனை அறிக்கையில் தெரியும் தாழ்ந்த எண் கோலின் நிறமாக உடன் வரக்கூடும்.

நிறத்தைக் கோலிலிருந்து பிரிக்க ஒரு வழி உண்டு. குலுக்கல் முறையில் ஆட்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வைட்டமினும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுப்பது. பருமனும் வயதும் பழக்கமும் இரு பக்கமும் ஏறத்தாழ சமமாகிவிடும். மாறுவது வைட்டமின் மட்டும். அமெரிக்காவின் வைட்டல் ஆய்வில் 25,871 பேருக்கு இப்படித் தினம் 2,000 யூனிட் வைட்டமினோ வெற்று மாத்திரையோ 5 ஆண்டுகளுக்கு மேல் தரப்பட்டது. 2018-இல் வந்த முடிவில் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 2,423 பேரில் தினம் 4,000 யூனிட்டைச் சோதித்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில், நோய் வந்தவர்கள் வைட்டமின் பக்கம் 293, மறுபக்கம் 323. தற்செயலை விலக்கிச் சொல்ல அந்த வேறுபாடு போதவில்லை.

இதை வைத்து விவாதம் முடிந்தது என்று சொல்வது அவசரம். இந்த ஆய்வுகளில் சேர்ந்த பெரும்பாலோருக்குக் கடும் குறைபாடே கிடையாது. நிறைந்த குடத்தில் நீர் ஊற்றியதாக அது இருந்திருக்கலாம். சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் உள்ளவர்களைப் பற்றிய மூன்று ஆய்வுகளை 2023-இல் சேர்த்துப் பார்த்தபோது, ஆபத்து சுமார் 15 சதவீதம் குறைந்தது. இதயத்துக்கு அந்த அளவு ஆதாரம்கூட இன்னும் இல்லை.

குழந்தைகளின் எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸுக்கு வைட்டமின் டி குறைவு மெய்யான காரணம். கொடுத்தால் எலும்பு தேறும். அந்த உறுதியை மாரடைப்புக்கும் நீட்டக் கூடாது. எலும்புக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்ததைத் தவறாமல் சாப்பிடலாம். அதை நம்பி இரத்த அழுத்த மாத்திரையையோ சர்க்கரை மாத்திரையையோ யாரும் நிறுத்திவிட வேண்டாம்.