ஆற்றுக்குப் போகும் வழி

சிலாங்கூர் ஆறு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு 1920ஆம் ஆண்டிலேயே பதில் எழுதியாகிவிட்டது. அந்த ஆண்டின் நீர்ச் சட்டம், தனியாக எழுதிக் கொடுத்திருந்தாலொழிய, மாநிலத்து ஆறுகள் அனைத்தும் அவற்றின் மீதான அதிகாரமும் சுல்தானையே சேரும் என்றது. புக்கிட் ரோத்தானிலோ பத்தாங் பெர்ஜுந்தையிலோ இருபுறமும் செம்பனை நிற்க நடுவே ஓடும் தண்ணீர் எந்தக் கம்பெனியின் சொத்தும் இல்லை. தூண்டில் போடுகிறவர்களில் பலருக்கு இது தெரியும், தோட்ட நிர்வாகிகளுக்கும் தெரியும். தகராறு மூளுவது தண்ணீருக்குப் போகும் வழியில்தான்.

ஃபிரேசர் மலைப் பக்கம் தோன்றி, கோலகுபு பாரு வழியாக இறங்கி, ரந்தாவ் பாஞ்சாங், பத்தாங் பெர்ஜுந்தை, கம்போங் குவாந்தான் என்று ஏறத்தாழ 110 கிலோமீட்டர் ஓடிக் கோலசிலாங்கூரில் கடலைச் சேர்கிறது இந்த ஆறு. பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் வைத்தார்கள். பழைய ஆட்களின் வாயில் இன்னும் பழைய பெயர்தான். ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஊடாங் காலா எனப்படும் பெரிய ஆற்றிறால் கிடைக்கும். அல்லூர் எனப்படும் வடிகால்களில் விராலும் கெளுத்தியும் உண்டு. ஈயம் தோண்டிவிட்டுப் போன குளங்களில் தோமான் மீன் கிடக்கிறது. இந்த ஆற்றோரம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தோட்டக் காடு. 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் செம்பனையை வணிக அளவில் நட்டார். நாட்டிலேயே முதல் செம்பனைத் தோட்டம் அது.

கித்தா (ரப்பர்) காலத்துத் தோட்ட மக்களுக்கு மீன் பிடிப்பது பொழுதுபோக்கு இல்லை, சோற்றுக்குக் குழம்பு. வேலை முடிந்து வந்த பெண்கள் அல்லூரை இரண்டு பக்கமும் மண் போட்டு அடைப்பார்கள். வாளியால் தண்ணீரை இறைத்துக் கொட்டுவார்கள். முழங்கால் வரை சேறு தெரிந்ததும், கெளுத்தி முள் குத்தாமல் விரலை எப்படி வைப்பது என்று தெரிந்தவள் முதலில் இறங்குவாள். பிள்ளைகள் கரையில் நின்று, துள்ளி விழுகிற மீனைப் பொறுக்கிக் குவளையில் போடுவார்கள். இதற்கு யாரும் கிராணியிடம் அனுமதிச் சீட்டு வாங்கியதில்லை. லயத்தில் குடியிருப்பவர் என்பதே அனுமதியாக இருந்தது.

சிக்கல் தொடங்கியதும் அங்கேதான். அந்த அனுமதி வேலையோடு ஒட்டியிருந்தது. கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது ஆள் தேவை குறைந்தது. லயங்கள் காலியாகின, பிறகு இடிக்கப்பட்டன. குடும்பங்கள் கிள்ளானுக்கும் ரவாங்குக்கும் ஷா ஆலாமுக்கும் போயின. வேலை போனதோடு வீடும் போயிற்று என்பதை எல்லோரும் எழுதிவிட்டோம். ஆறும் போயிற்று என்பதை யாரும் எழுதவில்லை.

புக்கிட் ரோத்தான் பக்கத்தில் ஒரு தோட்டத்து வாசலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். எழுபதை நெருங்கும் ஒரு பெரியவர், கப் மோட்டார் சைக்கிளில் இரண்டு தூண்டில் கழிகளைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். காவலுக்கு நின்ற ஜாகா ஒரு நேப்பாளத்து இளைஞன். "தா போலே மாசோக், அங்கிள்," என்றான் மரியாதையாக. உள்ளே போக முடியாது என்று. "சாயா லாஹிர் சினி," என்றார் பெரியவர். இங்கேதான் பிறந்தேன் என்று. இளைஞன் சாவடிக்குள் போய், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினான். உள்ளே விடலாம் என்று அனுமதித்த வாகனங்களின் எண்கள் அதில் இருந்தன. பெரியவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு, "கோயில் திருவிழாவுக்கு மட்டும் தொறப்பாங்க," என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். அந்த இளைஞன் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரையும் உள்ளே விடக் கூடாது என்று சொல்லித்தான் அவனுக்குச் சம்பளம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் இரு தரப்புக்கும் தவறான நம்பிக்கைகள் உண்டு. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 441ஆம் பிரிவு, அத்துமீறி நுழைவது குற்றமாவதற்கு ஒரு நிபந்தனை வைக்கிறது. குற்றம் செய்யவோ, நிலத்தை வைத்திருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ நினைத்து நுழைந்திருக்க வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இதே எண், ஏறக்குறைய இதே வாசகம் இருந்தது. ஆகவே தூண்டிலோடு உள்ளே வந்தவர் என்பதற்காகவே ஒருவர் குற்றவாளியாகிவிட மாட்டார். நுழையாதே என்று பலகையில் எழுதியிருப்பதால் மட்டும் அது மாறாது. ஆனால் உரிமையியல் வழக்கில் நிலைமை வேறு. அங்கே அனுமதியின்றிக் கால் வைத்ததே போதும், சேதம் காட்ட வேண்டியதில்லை. போகச் சொன்னால் போய்த்தான் ஆக வேண்டும்.

இன்னொரு நம்பிக்கை ஆற்று ஒதுக்கீட்டைப் பற்றியது. தமிழ்நாட்டில் ஆற்றுப் புறம்போக்கு எனப்படுவதைப் போல இங்கே ரிசாப் சுங்கை உண்டு. வடிகால், நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி, 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு ஒவ்வொரு கரையிலும் 50 மீட்டர் விடச் சொல்கிறது. 5 மீட்டருக்கும் குறைவான ஓடைக்கு 5 மீட்டர். படித்தவுடன் மனம் நிறைகிறது. ஆனால் வழிகாட்டி வேறு, அரசிதழ் வேறு. தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி அரசு நிலத்தைத்தான் ஒதுக்கீடாக அறிவிக்க முடியும். வெள்ளைக்காரன் காலத்திலேயே கரைவரை தோட்டத்துக்கு எழுதிக் கொடுத்த நிலம் அரசு நிலம் ஆகாது. அதை முதலில் திரும்ப எடுத்தாக வேண்டும்.

நீரோரத்துச் செம்பனைகள் சிலவற்றின் அடித்தண்டில் சிவப்புச் சாயத்தால் பட்டை அடித்திருப்பதைப் பார்க்கலாம். அந்த வரிசைக்கு அப்பால் மருந்தடிக்கக் கூடாது, உரம் போடக் கூடாது என்று வேலையாட்களுக்குக் காட்டும் அடையாளம் அது. எம்எஸ்பிஓ என்ற செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயமானபின் இதில் கவனம் கூடியிருக்கிறது. தூண்டில்காரர்கள் சிலர் அந்தச் சிவப்பைக் கண்டதும் இனி பொது இடம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது ஆற்றுக்குத் தரப்படும் பாதுகாப்புதான். நிலப்பட்டா அந்தச் சிவப்பையும் தாண்டி நீர் விளிம்புவரை போயிருக்கலாம். நில அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்க்காமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

தோட்டத் தரப்பின் அச்சங்களைத் தள்ளிவிட முடியாது. குலை விலை ஏறும் காலத்தில் குலைத் திருட்டும் ஏறுகிறது. மீன் பிடிக்க வந்தவன் யார், குலை தூக்க வந்தவன் யார் என்று இருட்டில் ஜாகாவால் பிரித்தறிய முடியாது. மின்கலத்தை முதுகில் கட்டிக்கொண்டு தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சுகிறவர்கள் வருகிறார்கள். குஞ்சு குளுவான் என்று பாராமல் ஓடையே செத்துப்போகும். ஆற்றில் முதலை உண்டு, ஒருவர் இறந்தால் முதலில் போலீஸ் வந்து நிற்பது தோட்டத்து வாசலில். வடக்கே ராஜா மூசா காட்டில் நிலைமை இன்னும் மோசம். இலைதழை மட்கி ஆழமாகப் படிந்த காம்புட் மண் அங்கே. ஒருவர் அணைக்காமல் விட்ட நெருப்பு மண்ணுக்கடியில் பல நாள் புகைந்து, எங்கோ வேறிடத்தில் எழும். உலகத்தில் வடசிலாங்கூரின் அந்தச் சதுப்புக் காட்டு நீரை விட்டால் வேறெங்கும் இல்லாத பெத்தா லிவிடா என்ற சிறுமீன் அங்கேதான் வாழ்கிறது. காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

ஆனால் கதவைப் பூட்டுவதால் இவை நின்றதாக நான் காணவில்லை. குலை திருடுகிறவன் வாசல் வழியாக வருவதில்லை. மின்சாரம் பாய்ச்சுகிறவன் இரவில் படகில் வருகிறான். பூட்டு நிறுத்துவது, பகலில் வந்து ஜாகாவிடம் பெயர் சொல்லிக் கேட்கிறவரைத்தான். ஆற்றோரத்தில் நாலு நல்ல மனிதர்கள் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தால் இந்தக் கேடுகளை முதலில் பார்த்துச் சொல்லப்போவது அவர்கள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு ஆற்றைக் காப்பது யார்?

தோட்டத்து வாசல் சிலாங்கூர்த் தமிழருக்குப் புதிய பிரச்சினை இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தில் ஆர்.எச். நாதனும் அவர் சார்ந்த கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். கள்ளுக்கடையை மூடு, துரைமார் எதிரே சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லாதே என்பனவும் அவற்றில் இருந்தன. உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக விடு என்பதும் இருந்தது. அதாவது வயிற்றுக்குக் கேட்ட அதே மூச்சில் வழியையும் கேட்டார்கள். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். படையை இறக்கினார்கள், பாட்டாளிகள் சுடப்பட்டு இறந்தார்கள். அன்று உள்ளே இருந்தவர்கள், வெளியே இருப்பவர்களை வர விடு என்று கேட்டார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளே வெளியே நிற்கிறார்கள்.

வேறு நாடுகளும் இதோடு மல்லாடியிருக்கின்றன. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 1985இல் சட்டமும் வந்தது. படுகை தனியாருடையதாக இருந்தாலும், வழக்கமான உயர்நீர் எல்லைக்குள் யாரும் நடந்து மீன் பிடிக்கலாம் என்றார்கள். ஆனால் அங்கே போய்ச் சேருவதற்காகப் பண்ணை நிலத்தைக் குறுக்கே கடக்க உரிமை கிடையாது என்றும் சொன்னார்கள். பிறகு பல ஆண்டு தகராறு பாலங்களில் நடந்தது. பொதுச் சாலைப் பாலத்தின் ஓரத்தில் வேலி போட்டால் ஆற்றுக்கு இறங்குவது எப்படி? 2009இல் இன்னொரு சட்டம் போட்டு, பொதுப் பாலங்களில் இறங்க இடம் விடச் செய்தார்கள். பண்ணைக்காரரின் மாடு வெளியேறாதபடி வேலியும் இருக்கும், மனிதர் புகும் இடைவெளியும் இருக்கும். எனக்குப் பிடித்தது இந்தப் பாலத்துத் தீர்வு. சிலாங்கூர் ஆற்றின் மீதும் அதில் விழும் ஓடைகளின் மீதும் பொதுச் சாலைப் பாலங்கள் இருக்கின்றன. அங்கே யாருடைய வாசலையும் தட்ட வேண்டியதில்லை.

பாலம் இல்லாத இடத்துக்கும் நம் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. தேசிய நிலச் சட்டத்தின் 28ஆம் பகுதி, தனியார் நிலத்தின் மீது பொது வழி ஒன்றை ஏற்படுத்த மாவட்ட நில நிர்வாகிக்கு அதிகாரம் தருகிறது. பொதுமக்கள் போய்ச் சேரத்தக்க இடங்கள் என்று அது எண்ணுபவை நான்கு: கடலோரம், ரயில் நிலையம், பொதுச் சாலை, ஆறு. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள் ஆற்றை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்து எழுதினார்கள். மக்கள் போகவேண்டிய இடம் என்றே எழுதினார்கள்.

தோட்டம் முழுவதும் திறந்துவிடு என்று நான் கேட்கவில்லை. ஒரு தோட்டத்துக்கு ஒரு வழி. இரண்டு மீட்டர் அகலம், விடிந்தது முதல் இருட்டும்வரை, நடந்து போக மட்டும். மருந்தடிக்கும் நாளில் மூடலாம். நிலக்காரருக்கு வரும் இழப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஆற்றில் ஒருவர் தவறி விழுந்தால் அதற்குத் தோட்டம் பொறுப்பில்லை என்று எழுதித் தர வேண்டும். தூண்டில்காரர்கள் தங்கள் பங்கைத் தாங்களே எழுதிக் கொடுக்கட்டும்: தீ மூட்டுவதில்லை, நரம்பையும் பிளாஸ்டிக்கையும் விட்டுவருவதில்லை, உதிர்ந்த செம்பனைப் பழத்தைக்கூடத் தொடுவதில்லை.

இதைக் கேட்க வேண்டிய காலம் இப்போதுதான். பூஞ்சாக் ஆலாம் பக்கமிருந்து வீடமைப்பு ஈஜோக்கை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு தோட்டம் வீட்டு நிலமாக மாறும்போது அதன் பட்டா மாநில அரசின் மேசைக்குத் திரும்பி வருகிறது. ஆற்றோரப் பட்டையை எடுத்துக்கொண்டு மீதியை மட்டும் கொடுக்க அரசுக்குக் கிடைக்கும் வாய்ப்பு அது. அன்று விட்டால் கரையில் மேம்பாட்டாளர் சுவர் கட்டிவிடுவார், ஆற்றைப் பார்க்கும் வீட்டுக்குத் தனி விலையும் வைப்பார். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி வட்டாரத் திட்டத்தின் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது, எழுத்தில் ஆட்சேபம் வாங்கப்படுகிறது. நம் ஆட்கள் அந்த நேரத்தில் கோயில் நிலத்துக்காகப் போகிறார்கள், தமிழ்ப்பள்ளி நிலத்துக்காகப் போகிறார்கள். அது சரி. அதே மனுவில் ஆற்று வழிக்கும் ஒரு பத்தி சேர வேண்டும்.

அதற்குச் சான்று வேண்டும். எந்த பீல்டின் ஓரமாக, எந்த அல்லூர்க் கரையில் நடந்து, எந்த இடத்தில் ஆற்றுக்கு இறங்கினார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் அறுபதையும் எழுபதையும் தாண்டியவர்கள். அவர்களை உட்கார வைத்து, தோட்டத்துப் பழைய வரைபடத்தின் மேல் பென்சிலால் கோடு போடச் சொல்லி, கீழே பெயரும் பிறந்த ஆண்டும் எழுதி வாங்க வேண்டும். ஆட்சேபம் கேட்கும் நாளில் அந்தத் தாளை மேசைமேல் வைத்தால், அதிகாரி அதைப் பதிவில் ஏற்றித்தான் ஆக வேண்டும்.