உண்டவளும் உண்பித்தவரும்

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வயிறு உப்புகிறது, மலத்தில் இரத்தம் போகிறது. குடல் சுவர் அழுகத் தொடங்கியிருக்கிறது என்கிறார்கள். மருத்துவர்கள் இதை என்.இ.சி. என்பார்கள். வெளியே காத்திருக்கும் உறவினர்களுக்கு அந்தப் பெயர் தேவைப்படுவதில்லை. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "மாசமா இருக்கும்போது என்னத்தடி தின்னே?"

இலக்கணம் நடத்துபவள் என்பதால் இந்தக் கேள்வியின் எழுவாய் என்னை உறுத்துகிறது. உண்டாள் என்பது தன்வினை. உண்பித்தார் என்பது பிறவினை. கர்ப்பிணி விழுங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை பிறவினையைச் சேர்ந்தவை. சீட்டு எழுதியவர் உண்டு, தயாரித்தவர் உண்டு. பழி வரும்போது மட்டும் எல்லாமே தன்வினையாகிவிடுகிறது.

பிரிட்டனிலிருந்து நடத்தப்பட்ட ஆரக்கிள் ஆய்வு 2001இல் லான்செட் இதழில் வெளிவந்தது. 37 வாரத்துக்கு முன்பே பனிக்குடம் உடைந்த 4,826 பெண்கள் அதன் ஒரு பகுதியில் இருந்தார்கள். பனிக்குடம் உடைந்தால் தொற்று ஏறும். ஆன்டிபயாடிக் கொடுப்பது நியாயம்தான். சிலருக்கு எரித்ரோமைசின், சிலருக்கு கோ-அமாக்சிகிளாவ் (ஆக்மென்டின் என்று கடையில் வாங்குகிறோமே, அதே மருந்து), சிலருக்கு இரண்டும், சிலருக்கு மருந்தில்லா மாத்திரை. எரித்ரோமைசின் குழந்தைகளுக்கு ஓரளவு நன்மை செய்தது. கோ-அமாக்சிகிளாவும் பிரசவத்தைத் தள்ளிப்போட்டது. ஆனால் அதை மட்டும் பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் ஏறத்தாழ 100க்கு 2 பேருக்குக் குடல் அழுகியது. மருந்தில்லா மாத்திரை பெற்றவர்களிடம் அது 200க்கு 1 என்ற அளவில் இருந்தது. பச்சைக் குடலில் முதலில் குடியேற வேண்டிய நுண்ணுயிர்களை மருந்து கலைத்து, தீயவற்றுக்கு இடம் விட்டிருக்கலாம் என்று கருதினார்கள்.

எழுதிக் கொடுத்தவர்களுக்கே அதுவரை தெரியாத ஒன்றை, விழுங்கியவள் எப்படி அறிந்திருப்பாள்?

கர்ப்பிணிகளை வைத்தா சோதனை என்று நமக்குக் கோபம் வரலாம். தாலிடோமைடு தந்த அச்சத்தில், கருவுறக்கூடிய பெண்களைத் தொடக்கக்கட்டச் சோதனைகளிலிருந்து விலக்கச் சொல்லி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1977இல் வழிகாட்டியது; 1993இல்தான் அதை மாற்றியது. இதனால் அவர்கள் காக்கப்பட்டார்களா என்பது என் சந்தேகம். சோதிக்கப்படாத மருந்து வார்டில் கொடுக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அதுவும் சோதனையே. ஒப்புதல் கேட்பதில்லை, விளைவைக் குறித்து வைப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த 4,826 பேர் சம்மதித்திருக்காவிட்டால் ஒவ்வொரு குழந்தையின் குடலுக்கும் அதனதன் தாயே பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இதைப் படித்துவிட்டு எந்த ஊசியும் வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. குறைப்பிரசவம் நெருங்கும்போது தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி, குழந்தையின் நுரையீரலை முதிர வைக்கிறது. நியூசிலாந்தில் லிக்கின்ஸும் ஹோவியும் 1972இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த வழக்கம் அது. குடல் அழுகலையும் அது குறைக்கிறது. ஆனால் அந்த ஊசி அவளுக்காகப் போடப்படுவதில்லை. அவள் இரத்தம் குழந்தைக்குப் போகும் பாதை, அவ்வளவே. பாதையிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. "குழந்தைக்கு நல்லதும்மா" என்ற ஒரு வரியோடு ஊசி ஏறிவிடுகிறது.

என்ன மருந்து, எதற்காக, அதில் தெரிந்த ஆபத்து எது, இன்னும் தெரியாதது எது? வலியின் நடுவே இவற்றைக் கேட்டு விளங்கிக்கொள்ள முடியாதுதான். அதனால்தான் ஐந்தாம் மாதச் செக்கப்பிலேயே, அவள் உட்கார்ந்து பேசும் நிலையில் இருக்கும்போதே, சொல்லிவிடுங்கள் என்கிறேன். கூட வந்த மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்து.