அறியாமை நோயாளியின் குற்றமா?



நோயுற்றவர் தம் நோயை அறியாதிருப்பது யாருடைய குற்றம்? இவ்வினா ஏட்டைப் புரட்டி எழுந்ததன்று. பெங்களூரில் நம்மோடு ஆலையில் தறி ஓட்டிய நண்பரொருவரின் படுக்கையருகே எழுந்தது.

அவருக்கு நெடுநாளாக நீரிழிவும் இரத்தக்கொதிப்பும் உண்டு. சிறுநீரகம் பழுதாவதற்குப் பெருங்காரணங்கள் இவ்விரண்டே. இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியதை மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதினார். செவிலியர் கன்னடத்தில் உரைத்தார். நண்பர் விளங்கிக்கொண்டது, "கிட்னி கொஞ்சம் வீக்" என்பது மட்டுமே. முழங்கால் வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவந்தார். அத்தகைய மாத்திரைகளுட் பல சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும் என்பதை அவர் அறியார்.

பின்னர் வாரம் மும்முறை டயாலிசிஸ் செய்யும் நிலை வந்தது. அவரைக் காணச் சென்ற நாம், உடற்சூடு தணியுமென்று இரண்டு இளநீர் வாங்கிக் கொடுத்தோம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. பழுதுற்ற சிறுநீரகத்தால் அதனை வெளியேற்ற இயலாது. இரத்தத்தில் மிகுந்தால் இதயத்தையே நிறுத்திவிடும். அன்றிரவு அவர் கைகால் துவண்டு, நாடி தளர்ந்தது. அவசரமாக டயாலிசிஸ் செய்து உயிரை மீட்டனர். கருணையோடு கொடுத்ததே நஞ்சாயிற்று.

சிலர் இதனை விதி என்பர். சிலர், "படியாதவர், என் செய்வது?" என்பர். "ஒருமுறை சொன்னோம், கடமை தீர்ந்தது" என்பாரும் உளர். இம்மூன்றையும் நாம் ஒப்போம்.

வயிற்றுக் கடுப்பால் மலத்திற் கிடந்த பிக்குவைப் பகவன் புத்தர் ஆனந்தரோடு தம் கையாலேயே கழுவிக் கிடத்திய வரலாறு வினயத்தின் மகாவக்கத்தில் உளது. அவ்விடத்தே நோயாளிக்கும் பணிவிடை செய்வோர்க்கும் உரிய குணங்கள் கூறப்படுகின்றன. நோயாளி தமக்கு ஆவதன் அளவறிதல் வேண்டும். நோயை உள்ளவாறு உரைத்தல் வேண்டும். பணிவிடை செய்வோர் ஆவது இது, ஆகாதது இது என்றறிந்து, ஆகாததை விலக்கல் வேண்டும். அன்பு மட்டும் போதுமென்று அங்கே கூறவில்லை. அறிவும் உடன் வைக்கப்பட்டது. நம்மிடம் அன்பிருந்தது, அறிவில்லை.

நண்பரிடத்தும் பிழையுண்டு. கடை மாத்திரையை மருத்துவரிடம் மறைத்தார். ஏன் மறைத்தார்? ஏசுவார்களோ என்ற அச்சத்தால். உண்மையைக் கேட்க விரும்புவோர் முதலில் அச்சத்தை நீக்க வேண்டாமா? தம் போதனையை மக்கள் தத்தம் மொழியிலேயே கற்கப் பகவன் இசைந்தார். கேட்பவர் உள்ளத்தில் சேராத சொல், சொல்லப்படாத சொல்லேயாம்.

பெங்களூர் விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் சிறுநீரக நோய்க்கென்றே அரசு நிறுவனம் உளது. 2022ஆம் ஆண்டு உலகச் சிறுநீரக நாளும் அறிவின் இடைவெளியை நிரப்புவதையே தன் பொருளாகக் கொண்டது. ஆயினும் சீட்டிலுள்ள எழுத்து நம் வீட்டு அடுப்படிவரை வந்து சேரவேண்டுமே!

ஆதலின் பௌர்ணமிதோறும் கூடும்போது, ஆங்கிலம் அறிந்த நம் பிள்ளைகள் நோயுற்றோரின் சீட்டைத் தமிழில் படித்துச் சொல்லுக. தண்ணீர் எவ்வளவு, உணவில் விலக்குவது எது, தொடக்கூடாத மாத்திரை எது என்று மருத்துவரைக் கேட்டு வருக. ஒருவருக்கு ஆகாதது மற்றவர்க்கு ஆகலாம். சொன்னபின், "புரிந்ததா?" என்று கேட்டு நிறுத்தற்க, அவர் வாயாலேயே திரும்பச் சொல்லக் கேளுங்கள். நீரிழிவும் கொதிப்பும் உடையோர், நலமாயிருப்பதாகத் தோன்றினும், ஆண்டுக்கொருமுறை இரத்தமும் சிறுநீரும் சோதித்துக்கொள்க. சிறுநீரகம் பெரும்பகுதி கெடும்வரை வலி காட்டாது.

அறிந்தவர் சொல்லாதிருப்பதும், சொன்னது சேர்ந்ததாவென்று பாராதிருப்பதும் குற்றமே. அக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. இப்போது நோயாளியைக் காணச் செல்லுமுன் ஒன்று கேட்கிறோம்: "உமக்கு ஆகாதது எது?"