சும்மா போவது

பெண் வீட்டைவிட்டுக் கிளம்பினால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். வேலை, கோயில், ஆஸ்பத்திரி, கல்யாணம், இழவு. எங்கள் கொமரலிங்கத்தில் இந்தப் பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். மலையும் அணையும் கடலும் பார்த்துவிட்டு வருவது அதில் இல்லை. நாங்கள் நான்கு பெண்கள் வாடகைக் கார் எடுத்து, மூணாறு வழியாகக் கொச்சிவரை போகிறோம் என்றதும் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "கோயிலுக்குங்களா அம்மிணி?"

"இல்லைங்க்கா, சும்மாதான்."

"சும்மா எதுக்குங் போறது?"

அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வாழ்நாள் முழுக்க அவரிடம் கேட்கப்பட்ட கேள்வியைத்தான் அவர் என்னிடம் கேட்டார். ஆனால் அது யோசிக்கவேண்டிய கேள்வி. காரணமில்லாமல் பயணம் போவது உரிமையா, வசதி படைத்தவர்களின் சொகுசா?

உடுமலையிலிருந்து அமராவதி அணைப் பக்கமாகப் போய், சின்னாறு சோதனைச் சாவடி தாண்டினால் மறையூர்ச் சந்தனக் காடு, அப்புறம் மூணாறு. பாம்பாறு அந்த மலையிலிருந்துதான் இறங்கி வந்து அமராவதியில் சேர்கிறது. எங்கள் ஊர் வயலில் நாற்று நட்டே முதுகு வளைந்த பெண்கள் இருக்கிறார்கள். காலை நனைத்த தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பார்த்தவர்கள் அவர்களில் அபூர்வம். நூறு கிலோமீட்டர்கூட இல்லை. தூரம் அவர்களைத் தடுக்கவில்லை.

'கூலியே சரியாகக் கிடைக்காதவளுக்குக் காட்சி எதற்கு?' என்று கேட்கலாம். பனியன் கம்பெனி வேனில் தூங்கிக்கொண்டே போய்த் தூங்கிக்கொண்டே திரும்பும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது ஓய்வும் சம்பளமும்தான். ஆனால் ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பதை நான் ஏற்கவில்லை. மூணாற்றில் நாம் படம் எடுக்கும் பச்சைச் சரிவு, கொழுந்து பறிக்கும் பெண்களின் வேலைத்தளம். 2015 செப்டம்பரில் அவர்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், 20 சதவீத போனஸ் கேட்டு அந்த ஊர்ச் சாலையில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் தலைமை தாங்கிய தொழிற்சங்கங்களைத் தள்ளி நிறுத்திவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். எங்கே போவது, எங்கே உட்காருவது என்பதைத் தானே முடிவு செய்கிறவளால்தான் கூலியையும் கேட்க முடிகிறது.

'காரணத்தோடு போனால் பாதுகாப்பு' என்றும் சொல்வார்கள். 2016 மார்ச் 13 அன்று கொமரலிங்கத்தைச் சேர்ந்த சங்கரும் அவர் மனைவி கௌசல்யாவும் துணி வாங்க உடுமலைக்குப் போனார்கள். பட்டியலில் உள்ள காரணம்தான். சங்கர் தலித், கௌசல்யா வேறு சாதி. பேருந்து நிலையத்துக்கு அருகே பட்டப்பகலில் இருவரையும் வெட்டினார்கள். சங்கர் இறந்துபோனார். காயங்களோடு பிழைத்த கௌசல்யா, சாதி ஆணவக் கொலைகளுக்கு எதிராகப் பேசுகிறவரானார்.

பக்கத்து வீட்டுக் கேள்வியும் அரிவாளும் ஒன்றல்ல. ஆனால் பெண் யாரோடு, எங்கே போகிறாள் என்பது அவளுக்குச் சொந்தமில்லை, வீட்டுக்கும் சாதிக்கும் சொந்தம் என்ற எண்ணத்தை அந்தக் கேள்வி தினமும் பழக்கப்படுத்துகிறது. நல்ல காரணம் சொல்லிச் சொல்லி நாம் அனுமதி வாங்கும்போதெல்லாம், அனுமதி தரும் அதிகாரம் அவர்களிடம் இருப்பதை ஒப்புக்கொள்கிறோம். அதனால்தான் 'சும்மா' என்ற பதில் முக்கியம். அது அனுமதி கேட்பதில்லை.

அந்தப் பதில் வாடகைக் காருக்குப் பணம் கட்ட முடிந்தவளுக்கு மட்டும் உரியதாகிவிடக் கூடாது. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தப் பேருந்து மூணாறு வரை வராதுதான். ஆனாலும் நடத்துநர் இறங்குமிடத்தை மட்டும் கேட்கிறார். எதற்குப் போகிறாய் என்று கேட்பதில்லை. அந்தச் சீட்டில் காரணம் எழுத இடமும் இல்லை.